அசுரன் எலும்பும் குள்ளர் வீடும்

தென்னார்க்காடு ஜில்லா என்று முன்பு ஒன்றாயிருந்த பிரதேசம் இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என மூன்று மாவட்டங்களாக இருக்கின்றது. 1993-ல் விழுப்புரம் பிரிந்தது. 2019-ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. சர்க்கார் பிரிக்கக்கூடியதையெல்லாம் பிரித்துவிட்டார்கள். ஆனால் இம்மூன்று மாவட்டத்தாருக்கும் பொதுச் சொத்தாகச் சில கதைகள் இன்னும் பாகம் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. அவற்றில் மூன்றை மாத்திரம் இவ்வாரம் நம் வாசகர்கள் முன் வைக்கின்றோம். மூன்றும் மனித உடம்பின் அளவைப் பற்றியவை.

முதலாவது, விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் வழங்குவது. அவ்வூர் மேட்டு நிலத்தில் பெரிய பெரிய கல் துண்டங்கள் உருண்டு கிடக்கின்றன. வக்கிராசுரன் என்னும் அசுரனை விஷ்ணு வதம் செய்தபோது சிதறிய எலும்புகளே அவை என்பது அங்குள்ள புராணம். இரண்டாவது, கள்ளக்குறிச்சி மாவட்டம் திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயிலில் வழங்குவது. குள்ளனாக வந்து மூன்றடி மண் கேட்ட ஒருவர், மாவலி கொடுக்கிறேன் என்று வாக்களித்ததும் விசுவரூபம் எடுத்து, ஓரடியால் பூமியையும் மற்றோரடியால் ஆகாயத்தையும் அளந்துவிட்டு, மூன்றாம் அடியைக் கொடுத்தவன் தலைமேலேயே வைத்தார் என்பது அது. மூன்றாவது, கல்வராயன் மலையில் வழங்குவது. நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்த சிறு சிறு அறைகள் அம்மலையிலும் அதையடுத்த சவ்வாது மலைப் பக்கத்திலும் உண்டு. அவற்றில் முன்னாளில் குள்ளர்கள் குடியிருந்தார்கள் என்றும், அவர்கள் முழ உயரமே இருந்தாலும் மகா பலசாலிகள் என்றும், பெரும் பாறைகளைக் கையால் தூக்கி வைத்தார்கள் என்றும் சொல்லுவார்கள். இதையே சில ஊரில் வாலியர் வீடு என்பார்கள். வேறு சில ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள்.

ஒரே மாதிரியான கல் அறை ஓர் ஊரில் குள்ளனுக்கு வீடு; இன்னோர் ஊரில் பீமனுக்கு வீடு! குள்ளன் குனியாமல் நுழைந்தான் என்றால், பீமன் எப்படி நுழைந்தான்? அவன் மகன் கடோற்கசன் விருந்துக்கு வந்தால் எங்கே காலை நீட்டினான்? இதைக் கேட்பார் இல்லை. கேட்டால் நாஸ்திகன் என்பார்கள்.

"கதைதானே, ஐயா! பாட்டி பேரனுக்குச் சொல்லுகிறாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். கதை கதையாகவே இருந்தால் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. அது சாட்சி சொல்ல வரும்போதுதான் நாம் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதாகின்றது. 2007-ல் பம்பாயிலிருந்து வெளியாகும் மதச் சார்பான ஒரு பத்திரிகை, வட இந்தியாவில் இராட்சத மனிதனின் எலும்புக்கூடு அகப்பட்டது என்றும், அது மகாபாரதத்துக்கு ருசு என்றும், அமெரிக்காவின் நேஷனல் ஜியாக்ரபிக் சங்கத்தாரே இராணுவத்தின் துணையோடு தோண்டியெடுத்தார்கள் என்றும் அச்சிட்டது. கூடவே ஒரு படம். அந்தப் படம் 2002-ல் ஒருவர் கணினியில் ஒட்டுப்போட்டு ஒரு போட்டிக்கு அனுப்பியது. நியூயார்க் பக்கத்தில் பழைய காலத்து யானை இனம் ஒன்றின் எலும்பைத் தோண்டிய பள்ளத்தின் போட்டோவில் மனிதக் கூட்டைச் சேர்த்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அச்சங்கத்தார் அதே 2007 டிசம்பரில் மறுத்தார்கள். பத்திரிகைக்காரரும் ஏமாந்ததை ஒப்புக்கொண்டார். ஆனால் மறுப்பு வண்டி ஏறுவதற்குள் புளுகு ஊரைச் சுற்றி வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் படம் கைப்பேசிக்குக் கைப்பேசி போய்க்கொண்டிருக்கின்றது. ஆகவே பாட்டி கதை பாட்டியோடு நிற்கவில்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க. திருவக்கரை எலும்பு எதனால் ஆனது என்று பார்ப்போம். அதைப் பார்க்க ஞானக்கண் வேண்டியதில்லை. இரண்டு ஊனக்கண்ணே போதும். துண்டத்தின் வெட்டு முகத்தில் மரத்தின் வளையம் தெரிகின்றது. மேற்புறத்தில் கணு தெரிகின்றது. எலும்புக்குக் கணு உண்டா? 1780-களிலேயே சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் இதைப் பார்த்து எழுதி வைத்தார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையார் அவ்விடத்தைக் கல்மரப் பூங்காவாக வேலி போட்டுக் காத்து வருகின்றார்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள் மணலுக்கடியில் புதைந்தன. காற்றுப் படாததால் அழுகவில்லை. மணலில் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்னும் பொருள் மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து கெட்டிப்பட, மரத்தின் வடிவம் அப்படியே இருக்க, மரம் கல்லாயிற்று. வேரும் கிளையும் இல்லாமல் தண்டு மாத்திரம் கிடப்பதே அவை வேறிடத்திலிருந்து உருண்டு வந்தவை என்பதற்குச் சாட்சி. மனித இனம் இவ்வுலகில் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகின்றது. மரம் விழுந்தபோது அசுரனும் இல்லை. அவனைக் கொல்ல ஆளும் இல்லை.

சரி, எலும்பு அகப்படவில்லை என்பதால் இராட்சதன் இருந்திருக்க முடியாது என்று எப்படிச் சொல்லலாம்? நல்ல கேள்வி. இதற்குப் பதிலைத் தராசிடமும் அளவுகோலிடமும் கேட்க வேண்டும். 1638-ல் கலிலியோ தம் கடைசி நூலில் இதைக் கேட்டு எழுதினார். அவரை மதவாதிகள் வீட்டுக் காவலில் வைத்திருந்த காலம் அது. அவர் சொன்னது இவ்வளவுதான்: ஒரு பொருளை அதே வடிவத்தில் உயரத்திலும் அகலத்திலும் கனத்திலும் இரட்டிப்பாக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். ஆனால் அந்த எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்கு வெட்டுப் பரப்பு நாலு மடங்குதான் ஆகும். எட்டு மடங்குச் சுமையை நாலு மடங்குத் தூண் தாங்க வேண்டும். உயரம் பத்து மடங்கானால் சுமை ஆயிரம் மடங்கு. தூணோ நூறு மடங்கு. மனிதனின் தொடை எலும்பு அவன் எடையைப்போல் சுமார் பத்து மடங்கில் ஒடியும். ஆகையால் அறுபதடி இராட்சதன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் தொடை ஒடிவான் என்று 1926-ல் ஹால்டேன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி எழுதினார். அவர் 1957-ல் நம் நாட்டுக்கே குடி வந்து, 1964-ல் புவனேசுவரத்தில் இறந்தவர்.

இந்தக் கணக்கைத் திருக்கோவிலூருக்குக் கொண்டுபோவோம். அங்குள்ள கோபுரம் 192 அடி உயரம் என்று பெருமையாகச் சொல்லுவார்கள். உலகை அளந்தவர் ஆகாயம் வரை போக வேண்டாம்; அந்தக் கோபுரம் அளவுக்கு மாத்திரம் வளர்ந்தார் என்று சலுகை கொடுப்போம். ஐந்தரை அடி ஆளைப்போல் அவர் 35 மடங்கு. எடை 35-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, அதாவது 42,875 மடங்கு. அறுபது கிலோ ஆள் 2,500 டன்னுக்கு மேல் ஆகின்றார். ஐந்து டன் யானை ஐந்நூறை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றியதுபோல! இவ்வளவையும் ஒற்றைக் காலில் நின்று தாங்க வேண்டும். ஏனென்றால் மற்றொரு கால் ஆகாயத்தை அளக்கப் போயிருக்கின்றது. எலும்பின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நம் எலும்பைப்போல் 35 மடங்குப் பாரம். மாவலி தலையைக் கொடுத்திருக்கவே வேண்டியதில்லை. சற்று விலகி நின்றிருந்தால் போதும்!

இதோடு விடவில்லை. இதயத்திலிருந்து தலைக்கு இரத்தம் ஏற வேண்டுமே! ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீளமாயிருப்பதால் நம்மைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இரத்த அழுத்தம் வேண்டியிருக்கின்றது. நம் பெருமாளுக்கு இதயத்துக்கும் தலைக்கும் நடுவே நாற்பதடிக்கு மேல் ஆகும். நமக்கு 120 என்று டாக்டர் குறிக்கும் அழுத்தம் அவருக்கு ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். எந்த இரத்தக் குழாய் தாங்கும்? சாப்பாடும் அப்படியே. உடம்பு பெருத்த அளவுக்கு உணவு பெருக வேண்டியதில்லை, சற்றுக் குறைவாகவே பெருகும் என்று 1932-ல் கிளைபர் என்பவர் கண்டார். அந்தச் சலுகையையும் கொடுத்துப் பார்த்தால் இவருக்கு மூவாயிரம் பேர் சாப்பாடு வேண்டும். ஆளுக்கு அரைக் கிலோ என்றால் நாளொன்றுக்கு ஒன்றரை டன் அரிசி! ரேஷன் கடையில் ஒரே அட்டைக்கு இவ்வளவு யார் போடுவார்கள்?

நாம் பரிகாசமாக எழுதினாலும், அந்தக் கோபுரத்தைக் கட்டினவனைப் பரிகாசம் செய்யவில்லை. அவனை மெச்சுகின்றோம். அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். அடியை அகலமாக வைத்தான். மேலே போகப் போகக் குறுக்கினான். கோபுரம் கட்டுகிறவன் கனத்த கருங்கல்லை அடியில் போட்டு, மேல் நிலைகளைச் செங்கல்லும் சுதையுமாக லேசாக்குவான். கோபுரத்தை இரண்டு காலில் நிறுத்த எந்தக் கொத்தனும் துணியவில்லை. உயரம் ஏறினால் வடிவம் மாற வேண்டும் என்னும் விதி, அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது. உள்ளே உட்கார்ந்து கதை சொன்னவருக்குத் தெரியவில்லை. ஆனால் புகழ் யாருக்குப் போயிற்று?

"அப்படியானால் பூதாகாரமான பிராணிகள் முன்னாளில் இருந்தனவே, அவை எப்படி நின்றன?" என்று கேட்பவர்களுக்கும் நம் பக்கத்திலேயே பதில் இருக்கின்றது. அரியலூரைச் சார்ந்த கல்லமேடு என்னும் ஊரில் அகப்பட்ட எலும்புகளைக் கொண்டு, யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியலாளர் 1987-ல் ஒரு டைனோசருக்குப் பிருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட ஓர் எலும்பே இரண்டு மீட்டர் நீளம். நூறு டன்னுக்கு மேல் இருந்திருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டவர்களும் உண்டு. அது எப்படி நின்றது? நாலு காலில் நின்றது. தூண் தூணாகக் கால். முதுகெலும்பில் காற்றறை வைத்து எடை குறைத்தது. நீண்ட கழுத்தின் நுனியில் சின்னஞ்சிறு தலை. அதற்குள் அதைவிடச் சிறு மூளை. பெரிய உடம்புக்கு இயற்கை கேட்ட விலை அது. மனித வடிவத்தை அப்படியே பெருக்கி வைக்க இயற்கை ஒருநாளும் சம்மதிக்கவில்லை.

இதில் இன்னொரு சங்கதியையும் சொல்லாமல் விட மனமில்லை. கல்லமேட்டு எலும்புகள் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து இப்போது இல்லாமற் போயின. அவை எலும்பே அல்ல, கல்மரமாயிருக்கலாம் என்று வேறு விஞ்ஞானிகள் சந்தேகம் கிளப்பினார்கள். பழைய போட்டோக்களைத் தேடியெடுத்து, எலும்புதான் என்று 2022-ல் பதில் எழுதினார்கள். திருவக்கரையில் மரத்தை எலும்பு என்று சொன்னவர்களை யாரும் இவ்வாறு கேள்வி கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது, தீர்த்தம்தான் வரும். தங்கள் எலும்பையே சந்தேகிக்கிறவர்களுக்கும் பிறர் மரத்தையும் எலும்பாக்குகிறவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகர்களே தெரிந்துகொள்ளட்டும்.

இனி, மெய்யாகவே இராட்சத உயரம் வளர்ந்த மனிதர்கள் சிலர் உண்டு. அவர்கள் கதை பரிகாசத்துக்குரியதல்ல. அமெரிக்காவில் ஆல்டன் என்னும் ஊரில் 1918-ல் பிறந்த ராபர்ட் வாட்லோ எட்டடி பதினோரு அங்குலம் வளர்ந்தார். மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் ஒரு சுரப்பி இருக்கின்றது. அது வளர்ச்சி நீரை அளவுக்கு மீறிச் சுரந்ததே காரணம். எடை 199 கிலோ. நடக்கக் காலுக்கு இரும்புப் பட்டையும் கையில் கோலும் வேண்டியிருந்தன. பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஆகையால் பட்டை உராய்ந்து கொப்புளம் எழுந்தது தெரியவில்லை. அது சீழ்ப்பிடித்து 1940 ஜூலையில் இறந்தார். வயது 22. அவருக்கு முன் அயர்லாந்தில் சார்லஸ் பர்ன் என்னும் ஏழடி ஏழு அங்குல மனிதர். லண்டனில் காசு வாங்கிக்கொண்டு கூட்டத்துக்கு முன் நின்று பிழைத்தார். செத்த பிறகு தம் உடம்பை அறுத்துவிடுவார்கள் என்று பயந்து, கடலில் போட்டுவிடும்படி நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். 1783-ல் இறந்தார், அவருக்கும் வயது 22. ஜான் ஹண்டர் என்னும் வைத்தியர் பணம் கொடுத்துச் சவத்தை எடுத்துக்கொண்டார். எலும்புக்கூடு இருநூறு வருஷத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டியில் நின்றது. 1909-ல் கூஷிங் என்னும் டாக்டர் மண்டையைத் திறந்து பார்த்து, பிட்யூட்டரி இருந்த குழி பெருத்திருப்பதைக் கண்டார். 2011-ல் பல்லிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து, அதே கோளாறு வட அயர்லாந்தில் உயிரோடிருக்கும் குடும்பங்களிலும் இருப்பதைக் காட்டினார்கள். 2023-ல் மியூசியம் திரும்பத் திறந்தபோது கூட்டைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அசுர வம்சமுமல்ல, தேவ சாபமுமல்ல; ஒரு பட்டாணியின் கோளாறு. இன்று அதற்கு மருந்தும் அறுவையும் உண்டு.

இந்த இருவரில் எவரும் புராண அசுரனைப்போல் மூடராகவோ முரடராகவோ இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாட்லோ பள்ளிப் படிப்பை முடித்துச் சட்டம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தவர். ஆனால் நம் கதைகளில் பெரிய உடம்புக்காரன் என்றால் மடையன். கும்பகர்ணன் ஆறு மாதம் தூங்குவான். சிறிய உடம்புக்காரன் என்றால் சூதுக்காரன். கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று பழமொழி வேறு! எலும்பு வளர்ச்சியின் கோளாறால் குட்டையாயிருப்பவர்களுக்கு நம்மைப்போலவே அறிவு உண்டு. அவர்களைச் சினிமாவிலும் திருவிழாவிலும் வேடிக்கைப் பொருளாக நிறுத்திச் சிரிக்கின்றோமே, அந்தச் சிரிப்பின் வேர் இந்தக் கதையில்தான் இருக்கின்றது.

உடம்புக்கும் அறிவுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது தராசில் நிறுத்துச் சொல்லுகிற சம்பந்தமல்ல. மனித மூளை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ. யானை மூளை ஐந்து கிலோவை எட்டும். திமிங்கிலத்துக்கு எட்டுக் கிலோ வரை உண்டு. கனம்தான் அறிவு என்றால் யானை நம்மை அங்குசத்தால் குத்தியிருக்கும். 2014-ல் யானை மூளையின் நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் சுமார் 25,700 கோடி. மனிதனுக்கு 8,600 கோடிதான். ஆனால் யானையின் அணுக்களில் நூற்றுக்கு 97-க்கு மேல் உடம்பின் அசைவைக் கவனிக்கும் சிறுமூளையிலேயே அடைந்து கிடக்கின்றன. யோசிக்கும் மேற்பட்டையில் யானைக்கு 560 கோடி. மனிதனுக்கு 1,600 கோடி. வீடு பெரிதாயிருந்தால் பெருக்குகிறவர்கள் அதிகம் வேண்டும். அதனால் படிக்கிறவர்கள் அதிகமாகிவிட மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2003-ல் இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில் லியாங் புவா என்னும் குகையில் மூன்றரை அடி உயரமுள்ள ஒரு மனித இனத்தின் எலும்புகள் அகப்பட்டன. மூளை நம்மதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆனால் அந்தக் குகையிலேயே கல் ஆயுதங்களும் கிடந்தன. மெய்யான குள்ளர் என்றால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும். எலும்பு இருக்கின்றது, அளவு இருக்கின்றது, எவரும் பார்க்கலாம்.

மூளை என்பது ஒரு சாப்பாட்டு ராமன். உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள அது, உடம்பு செலவழிக்கும் சக்தியில் நூற்றுக்கு இருபது பங்கைத் தின்கின்றது. பெரிய உடம்பும் வேண்டும், பெரிய மூளையும் வேண்டும் என்றால் பச்சை இலையும் கிழங்கும் தின்று கட்டுப்படி ஆகாது. மனிதனைவிடப் பருத்த கொரில்லா பகலெல்லாம் மென்றுகொண்டிருந்தும் நம் மூளையில் மூன்றில் ஒரு பங்குதான் வைத்துக்கொள்ள முடிகின்றது. நெருப்பில் சமைத்துத் தின்னத் தொடங்கியதே மனிதனுக்கு வழி திறந்தது என்று 2012-ல் இரண்டு பிரேசில் நாட்டு ஆராய்ச்சிக்காரிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் வாதம் சரியென்றால், நம்மை அறிவுள்ளவர்களாக்கியது அடுப்பங்கரை. அங்கே புகையில் நிற்கிற பெண்களுக்கு அறிவு போதாது என்று எழுதி வைத்த சாஸ்திரம் எந்த அடுப்பில் வெந்த சோற்றைத் தின்று எழுதப்பட்டதோ, தெரியவில்லை. இராவணனுக்குப் பத்துத் தலை என்கிறார்களே, அவனுக்கும் இதே கணக்கைப் போட்டால், தலைகளுக்கு மாத்திரம் இரண்டு ஆள் சாப்பாடு, உடம்புக்குத் தனி. கழுத்தின்மேல் ஐம்பது கிலோ பாரம். அவன் சீதையைத் தூக்குவதற்கு முன் தன் தலையைத் தூக்கியிருக்க வேண்டும்.

நரம்பின் வேகத்தையும் சொல்லிவிடுவோம். நரம்பில் செய்தி மின்சாரக் கம்பியில் போவதுபோல் போவதில்லை. மிக வேகமான நரம்பிலும் வினாடிக்கு நூறு மீட்டருக்குச் சற்று முன்பின்தான். மந்தமான வலியைக் கொண்டு செல்லும் மெல்லிய நரம்பிலோ வினாடிக்கு ஒரு மீட்டர்தான். 192 அடி உடம்பில் கால் விரலில் முள் ஏறினால் அந்த வலி தலைக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம் ஆகும். ஒற்றைக் காலில் நிற்கிறவர் தடுமாறினாலும், செய்தி மேலே போய் உத்தரவு கீழே வர நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இனிக் கல்வராயன் மலைக்குத் திரும்புவோம். அங்குள்ள கல் அறைகள் வீடுகளே அல்ல. இரண்டாயிரம் மூவாயிரம் வருஷங்களுக்கு முன், இரும்பு உபயோகித்த காலத்து மக்கள் செத்தவர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னங்கள். கற்திட்டை என்பது ஆராய்ச்சிக்காரர் சொல். இவ்வகை அறைகளின் பலகையில் வட்டமாக ஒரு துளை இருப்பதுண்டு. அதைப் பார்த்துவிட்டு வாசற்படி இவ்வளவு சிறியதானால் ஆள் எவ்வளவு சிறியவன் என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். தாழியில் புதைத்த ஊர்களிலும் இதே கதைதான். முன்னாளில் கிழவர்கள் சாகாமல் சுருங்கிச் சுருங்கிக் குழந்தை அளவானார்கள், அவர்களைத் தாழியில் வைத்தார்கள் என்பார்கள். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அதன் பின்னும் தோண்டினார்கள். தாழிக்குள்ளிருந்து வந்தவை நம் அளவு மனிதர்களின் எலும்புகளே.

அப்படியானால் கல்வராயன் மலையில் பல டன் கனமுள்ள மூடுகல்லை மேலேற்றியது யார்? ஐந்தடி, ஐந்தரை அடி உயரமுள்ள சாதாரண மனிதர்கள். பாறையைப் பலகையாகப் பிளக்கத் தெரிந்தவர்கள். நெம்புகோலும் உருளைக் கட்டையும் கயிறும் அறிந்தவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது முப்பது பேர் ஒரே குரலில் சேர்ந்து இழுக்கத் தெரிந்தவர்கள். குள்ளன் தூக்கினான், பீமன் தூக்கினான் என்று சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் இவர்கள் கூலியை வேறொருவன் கணக்கில் எழுதுகின்றோம். நமக்குக் கோபம் இதில்தான். மலைவாசிகளுக்கு மூளை கிடையாது என்று கீழ்நாட்டான் சொல்லுவான். அம்மலையில் நிற்கும் வேலைப்பாட்டைப் பார்த்தால் அது மனிதர் வேலையல்ல என்பான். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றது. அதற்குள் புதையல் தேடுகிறவர்கள் பலகையைப் பெயர்க்கின்றார்கள். வேலி போடுகிறவர்கள் கல்லைத் தூக்கிப் போகின்றார்கள்.

புராணிகர் மாத்திரம் இப்படிச் செய்தார்கள் என்று சொல்லுவதற்கில்லை. மூக்கு அகன்றிருந்தால் ஜாதி தாழ்ந்தது என்று ரிஸ்லி என்னும் வெள்ளைக்கார அதிகாரி 1891-ல் கணக்குப் போட்டார். சென்னை மியூசியத்தில் 1885 முதல் 1908 வரை தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் கையுமாக மண்டையையும் மூக்கையும் ஜாதிவாரியாக அளந்து, 1909-ல் ஏழு தொகுதி வெளியிட்டார். அளந்தது விஞ்ஞானம், அதைக் கொண்டு மனிதனை மேல் கீழ் என்று அடுக்கியது புராணத்துக்குத் தம்பி. உயரம் ரத்தத்தில் மாத்திரம் எழுதியிருக்கவில்லை. தென் கொரியாவில் ஒரு நூற்றாண்டுக்குள் பெண்களின் சராசரி உயரம் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கின்றது. ரத்தமா மாறிற்று? சாப்பாடு மாறிற்று, நோய் குறைந்தது.

நம் நாட்டில் மெய்யாகக் குள்ளர்களை உண்டாக்குவது எது என்று கேட்டால், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு பதில் சொல்லுகின்றது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்குத் தக்க உயரம் இல்லாதவர்கள் இந்தியா முழுதும் நூற்றுக்கு 35-க்கு மேல்; தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25. இந்த வளர்ச்சிக் குறைவு உடம்போடு நிற்பதில்லை. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் பட்டினி கிடந்த குழந்தைக்கு மூளை வளர வேண்டிய நேரத்தில் தீனி கிடைப்பதில்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் அதை மந்தம் என்று பின் பெஞ்சியில் உட்கார வைக்கின்றார்கள். உடம்பின் அளவுக்கும் அறிவுக்கும் உள்ள சம்பந்தம் என்று ஏதாவது ஒன்றைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டுமானால் அது இதுதான். 1982-ல் விரிவாக்கிய சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் நல்ல காரியங்கள். ஆனால் அவை பிள்ளை சற்று வளர்ந்த பிறகு கிடைப்பவை. மலையில் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் முட்டையும் பருப்பும் மழைக்காலத்திலும் தவறாமல் போய்ச் சேருகின்றதா என்பதைக் கள்ளக்குறிச்சித் தோழர்கள் அங்கன்வாடி வாசலில் நின்று பார்த்து நமக்கு எழுத வேண்டும்.

மற்றொன்றும் அவர்களால் ஆகும். மலையில் உள்ள ஒவ்வொரு கற்திட்டைக்குப் பக்கத்திலும், இது யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று தமிழில் ஒரு பலகை வைக்கும்படி தொல்லியல் துறையாரைக் கேட்கலாம். மலைப் பள்ளிக்கூட ஆசிரியர்களிடம் ஒரு சிறு வேலையும் சொல்லலாம். ஈரக் களிமண்ணில் ஒரு சாண் உயரம் ஒரு பொம்மை பிடிக்கச் சொல்லுங்கள். அதே வடிவத்தில், கால் கனம் உள்பட எல்லாம் இரட்டிப்பாக, இன்னொன்று. பிறகு நாலு மடங்கில் ஒன்று. மூன்றையும் காயவைக்காமல் நிறுத்தட்டும். சின்னது நிற்கும். எது முதலில் முழங்காலில் நொறுங்கி விழுகின்றது என்று பிள்ளைகளே பார்த்துச் சிலேட்டில் எழுதட்டும்.